கிச்சாப்புக்கு வந்த குரல்

மலேசியாவின் ஜொகூர் பாருவில், பதினோராவது மாடியில், ஜன்னலுக்கெல்லாம் வலை அடித்த வீட்டில் ஒரு பூனையைச் சந்தோஷமாக வைத்திருப்பது லேசுப்பட்ட வேலையல்ல. வெளியே விட்டால் கீழே ரோடு. விடாவிட்டால் பகல் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். ஸபேடாவின் மகன் இஸ்வான் இதை ஓர் உத்தியோகமாகவே எடுத்துச் செய்தான். சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்கு விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறவன், அதற்கும் முன்னால் எழுந்து, அட்டைச் சுருள்களுக்குள்ளும் பழைய செருப்புப் பெட்டிகளுக்குள்ளும் தீனியை ஒளித்து வைத்துவிட்டுப் போவான். பூனை அதைத் தேடித் தேடித் தின்னும். கறுத்த பூனை. சோயா சாறு மாதிரி மினுமினுப்பதால், மலாயில் அந்தச் சாற்றுக்குச் சொல்லும் கிச்சாப் என்ற பெயரையே வைத்திருந்தான்.

"பெத்தவளுக்கு என்னிக்காவது இப்படி ஏதாவது ஒளிச்சு வச்சிருக்கியாடா?" என்பாள் ஸபேடா.

"உனக்கு மோப்பம் பத்தாதும்மா" என்பான் அவன்.

சாயங்காலம் வேறு கூத்து. சிங்கப்பூரிலிருந்து திரும்பும் பாலத்தில் வண்டிகள் நகராமல் நிற்கும். அங்கே நின்றபடியே தினமும் அம்மாவின் போனுக்கு ஒரு குரல் பதிவு அனுப்புவான். அம்மாவுக்கு அல்ல, பூனைக்கு. "கிச்சாப்! அபாங் பாலத்துல மாட்டிக்கிட்டேன்டா. பயங்கர ஜாம். நீ கதவுகிட்ட இரு, இதோ வந்துட்டேன்." பூனைக்குத் தானே அபாங், அதாவது அண்ணன், என்று அவனாகவே உறவு கொண்டாடிக்கொண்டான். ஸபேடா சலித்துக்கொண்டே அதைப் போட்டுக் காட்டுவாள். கிச்சாப் எழுந்து ஓடிப்போய்க் கதவருகே உட்காரும். கொஞ்ச நேரத்தில் கதவு திறக்கும், அண்ணனும் தம்பியும் கட்டிப் புரள்வார்கள். இவள் சோறு ஆறுகிறது என்று கத்திக்கொண்டிருப்பாள்.

ஒரு மழை நாளில் பதிவு வந்தது, அவன் வரவில்லை. பாலத்தைத் தாண்டி வீட்டுப் பக்கம் திரும்பும் வளைவில் ஒரு லாரி அவனை அடித்துப் போட்டுவிட்டது.

ஓதுவதற்கு வந்த கூட்டத்தில் பூனை கட்டிலுக்கு அடியில் பதுங்கிக் கிடந்தது. யாரும் அதைத் தேடவில்லை. நாற்பதாம் நாள் ஓதலும் முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, உறவுக்காரர்கள் போய்ச் சேர்ந்த பிறகு, ஸபேடா போனை எடுத்தாள். அந்தக் கடைசிப் பதிவைத் தொட்டாள். "கிச்சாப்! அபாங் பாலத்துல..." என்று அவன் ஆரம்பித்ததும், அத்தனை நாளாக அசையாமல் கிடந்த பூனை கட்டிலுக்கு அடியிலிருந்து பாய்ந்து வந்து கதவருகே நிமிர்ந்து உட்கார்ந்தது.

ஸபேடாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எல்லோரும் மண்ணைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள், ஆறுதலும் சொல்லிவிட்டார்கள். இந்த ஒரு ஜீவன் மட்டும் அவன் வருவான் என்று இன்னும் நம்புகிறது. அவள் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கதவு திறக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தாலும் அந்தக் கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது.

அதன்பின் தினமும் இதே வேலை. பூனைக்குப் பொழுது போக வேண்டாமா என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டாள். அது எத்தனை பெரிய பொய் என்று அல்லாவுக்கும் அவளுக்கும் தெரியும்.

கீழ்த்தளத்து ஸ்வீ லான் ஒரு நாள் கேக் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டில் ஆறு பூனை வளர்ப்பவள். பூனை விஷயத்தில் அவள் வாயை யாராலும் மூட முடியாது. வந்தவள் கேக்கை மறந்துவிட்டுக் கிச்சாப்பைத் தூக்கிப் புரட்டினாள். வயிற்றில் மயிரே இல்லை. நக்கி நக்கித் தோல் சிவந்திருந்தது.

"என்னக்கா இது? எலும்பும் தோலுமா கிடக்கு. சாப்பிடுதா இல்லையா?"

"வச்சா மோந்து பாக்குது. அப்புறம் கதவுகிட்ட போய் உக்காந்துக்குது."

எதற்குக் கதவு என்று ஸ்வீ லான் கேட்டாள். ஸபேடா மழுப்பிப் பார்த்தாள், முடியவில்லை. போனை எடுத்துப் போட்டுக் காட்டினாள். பூனை ஸ்வீ லானின் மடியைக் கீறிக்கொண்டு குதித்து ஓடியது. இஸ்வானின் குரலைக் கேட்டு ஸ்வீ லானின் கண்ணும் கலங்கிவிட்டது. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா, நீங்க கோவிச்சிக்கிட்டாலும் சரி. வீட்டுப் பூனைக்கு விளையாட்டுன்னா வேட்டைதான். தேடும், பாயும், புடிக்கும், திங்கும், தூங்கும். கடைசில ஒண்ணு வாயில கிடைக்கணும். நீங்க தினமும் வேட்டைக்குக் கூப்பிட்டுட்டு வெறுங்கையோட அனுப்புறீங்க. அது தன்னைத்தானே தின்னுக்கிட்டு இருக்கு."

"இதைக் கேக்கும்போது மட்டுந்தான்டி அது எழுந்திரிக்குது."

"செத்துப்போயிடும்கா. நல்லா யோசிங்க."

அவள் போன பிறகு ஸபேடா வீம்பாக இறகு கட்டிய குச்சியை எடுத்து ஆட்டினாள். மகன் மாதிரியே தீனியைப் பெட்டிகளில் ஒளித்தாள். முட்டி வலிக்கத் தரையில் தவழ்ந்துகூடப் பார்த்தாள். கிச்சாப் அவளை ஒரு பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டு மாலை பதிவைப் போடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பூனையும் சாப்பிடவில்லை, அவளும் சாப்பிடவில்லை.

மறுநாள் அவளே படியிறங்கிப் போய் ஸ்வீ லானின் கதவைத் தட்டினாள்.

"நிறுத்த முடியலடி" என்றாள்.

"அப்ப நிறுத்தாதீங்க. குரல் கேட்டதும் மீனை வைங்க. அடுப்படியில வைங்க, கதவுகிட்ட வேணாம். ஓடி வந்ததுக்கு அதுக்கு ஒரு கூலி வேணும்ல?"

அன்று சாயங்காலம் ஸபேடா கானாங்கெளுத்தியை வேகவைத்து, முள்ளெடுத்து, ஆறவைத்தாள். பதிவைப் போட்டாள். கதவுக்கு ஓடிய பூனையைத் தூக்கிவந்து தட்டின் முன்னால் விட்டாள். அது திமிறிக்கொண்டு மறுபடி கதவுக்கே போனது. மறுபடி தூக்கிவந்தாள். மூன்றாம் முறை மீனை மோந்து, ஒரு துணுக்கை நக்கியது. அவளுக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

நாளுக்கு நாள் தட்டு காலியானது. வயிற்றில் மயிர் துளிர்த்தது. பெட்டியைப் பிராண்டியது, இறகுக்குக்கூட ஒரு தரம் கையை நீட்டியது. ஸ்வீ லான் வந்து பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை கணக்கா ஆயிட்டானே, பொண்ணு பாக்கலாமா?" என்றாள். ஸபேடா சிரித்தாள். மகன் போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. சிரித்துவிட்டோமே என்று அன்று முழுக்க மனசு உறுத்திக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு மாலை. மீன் தட்டை வைத்துவிட்டு, கூடத்துக்கு வந்து போனைத் தொட்டாள்.

"கிச்சாப்! அபாங்..."

அவன் அடுத்த வார்த்தை சொல்வதற்குள் கிச்சாப் அவள் காலை இடித்துக்கொண்டு அடுப்படிக்குப் பறந்தது. கதவுப் பக்கம் ஒரு பார்வைகூட இல்லை. காதுகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. தட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"டேய், கதவு இந்தப் பக்கம்டா" என்றாள் ஸபேடா. "உங்க அபாங் பேசுறான்டா. கேக்கலையா உனக்கு?"

பூனைக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. மீன் வந்துவிட்டது என்று கேட்டது.

அவள்தான் முள்ளெடுத்து, ஆறவைத்து, ஒவ்வொரு நாளும் இதைக் கற்றுக்கொடுத்தாள். பிழைத்துக்கொண்ட பூனையிடம் கோபப்பட அவளுக்கு என்ன உரிமை இருக்கிறது? ஆனாலும் இஸ்வானை இன்னொரு முறை அடக்கம் செய்துவிட்டு வந்ததுபோல இருந்தது. இந்தத் தடவை பக்கத்தில் நிற்க யாரும் இல்லை.

அடுப்படியில் கிச்சாப் தட்டை நக்கும் சத்தம். கையில் போன் இன்னும் பேசிக்கொண்டிருந்தது. பயங்கர ஜாம், நீ கதவுகிட்ட இரு, இதோ வந்துட்டேன்.

ஸபேடா மெல்ல நடந்து போய்க் கதவருகே தரையில் உட்கார்ந்தாள். இருக்கச் சொல்லியிருக்கிறான், யாராவது ஒருவர் இருக்க வேண்டாமா?