கழுதைகளையும் எண்ணிய பட்டியல்

"அந்த வீட்டுக்கு எஸ்ரா ரெண்டாம் அதிகாரத்தைப் போடு," என்றார் எட்வேட்.

பட்டியல் எழுதிக்கொண்டிருந்த நிறஞ்சலாவின் கை நின்றது. குசினி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்த தாய் அன்ரோனெற் கத்தியைச் சட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த வீட்டுக்கு, அப்பா?"

"தெரியாத மாதிரிக் கேளாத. அல்பிரட்டின்ர வீட்டுக்கு."

அல்பிரட், எட்வேட்டின் கூடப்பிறந்த தம்பி. இரண்டு வளவுக்கும் இடையில் ஒரு பனையோலை வேலிதான். ஒருநாள் விட்டு ஒருநாள் எட்வேட் அந்த வேலிக்கு மேலால் மீன் பொட்டலம் ஒன்றை நீட்டுவார். தம்பியின் மனைவி யசோதா வாங்கிக்கொள்வாள். அதற்கு மேல் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இல்லை. சண்டை நாட்களில் தமிழ்நாட்டுக்குப் படகேறிய அல்பிரட், அங்கே அகதி முகாமில் யசோதாவைக் கலியாணம் செய்தார். முகாமிலேயே அவள் திருமுழுக்குப் பெற்றாள். அவள் எந்த ஊர், எந்த ஆக்கள் என்று சொல்ல யாரும் இல்லை. தாய் தகப்பன் முகாமிலேயே செத்துப்போனார்கள். அவர்கள் இருவரும் ஊருக்குத் திரும்பிப் பன்னிரண்டு வருடமாகியும் எட்வேட் அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. எட்வேட் குடிக்காத வீட்டில் தெருவும் குடிக்கவில்லை.

அந்தத் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்களின் குழுவான அன்பியம், வேதாகமத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை வாசிப்பதென்று முடிவெடுத்திருந்தது. ஒரு மாலைக்கு ஒரு அதிகாரம், ஒரு வீடு. வாசித்து முடிந்ததும் அந்த அதிகாரம் இன்றைய வாழ்க்கைக்கு என்ன சொல்கிறது என்று அந்த வீட்டார் நாலு வசனம் பேச வேண்டும். பெரிய வேதாகமம் அன்றிரவு அந்த வீட்டிலேயே, வெள்ளைத் துணி விரித்த மேசையில் தங்கும். மறுநாள் மாலை அடுத்த வீட்டுத் தலைவர் வந்து, அந்த வீட்டில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, வேதாகமத்தைத் தன் கையால் தூக்கிக்கொண்டு போவார். தேத்தண்ணி குடிக்காமல் தூக்கக்கூடாது. இது வேதத்தில் எங்கும் இல்லை. முதல் வாரத்தில் யாரோ களைத்து வந்து குடித்தார். இரண்டாம் வாரத்தில் அது வழக்கமாகிவிட்டது.

எந்த அதிகாரம் எந்த வீட்டுக்கு என்பதைச் சுற்றுக்குச் சுற்று தீர்மானிப்பவர் அன்பியத் தலைவரான எட்வேட். ஏழாம் சுற்றில் தாவீது கோலியாத்தை வீழ்த்தும் அதிகாரத்துக்கு மூன்று வீடுகள் சண்டை பிடித்தன. அதன் பிறகு அவர் ஒரு சட்டம் கொண்டுவந்தார்: கோயிலில் வாசிக்கப்பட்ட பட்டியலை யாரும் மாற்ற முடியாது, தலைவரும் உட்பட.

பத்துச் சுற்று முடிந்திருந்தது. நாற்பது வீடுகள், நானூறு அதிகாரங்கள். போன கிழமை பங்குத்தந்தை, "என்ர பதிவில நாப்பத்தொரு குடும்பமெல்லே இருக்கு?" என்று கேட்டுவிட்டார். அதனால்தான் இன்று இந்தப் பேச்சு.

"ஆனா வீட்டில வேண்டாம்," என்றார் எட்வேட். "கோயில் மண்டபத்தில வச்சு வாசிக்கட்டும். வெறும் பேர்ப்பட்டியல், பத்து நிமிசத்தில முடிஞ்சிடும்."

"சித்தப்பா மண்டபத்துக்கு எப்பிடி வாறது? ஒரு பக்கம் விளங்காமல் கிடக்கிறாரெல்லே."

"அவன் வரத் தேவையில்லை. அவ வாசிக்கட்டும். மூண்டாம் அதிகாரம் எனக்குப் போடு. தேவாலயத்துக்கு அத்திவாரம் போடுறது அதிலதான் வருது."

அன்ரோனெற் மறுபடி கத்தியை எடுத்தாள். "அத்திவாரம் உங்களுக்கு, பேர்ப்பட்டியல் அவளுக்கு," என்று மீனைப் பார்த்துச் சொன்னாள். அது தனக்குத்தான் சொல்லப்பட்டது என்று மீன் எடுத்துக்கொள்ளட்டும் என்பதுபோல எட்வேட் எழுந்து வெளியே போனார்.

அன்று மாலை நிறஞ்சலா கிணற்றடியில் நின்றபோது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யசோதாவின் குரல் வந்தது.

"நிறஞ்சலா, ஒரு விசயம் கேக்கட்டுமா?"

"ஓம், சொல்லுங்கோ." அவளை எப்படிக் கூப்பிடுவது என்று நிறஞ்சலாவுக்கு ஒருபோதும் நிச்சயமில்லை. வீட்டில் பெரியவர்கள் 'அவ' என்பார்கள், கோபத்தில் 'முகாம்காரி'.

"இந்தச் சுற்றுல எங்க பேர் இருக்குன்னு மில்ரன் அண்ணன் சொன்னாரு. மண்டபத்துலதானாமே. வீட்டுல வைக்க முடியாதா?"

நிறஞ்சலா வாளிக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"எனக்காக இல்ல. உங்க சித்தப்பா ஒரு வருசத்துக்கு மேல, தினமும் பொழுதுபடுறப்ப வெளுத்த சட்டையைப் போட்டுவிடச் சொல்றாரு. கதிரையை வாசலுக்கு இழுத்துப் போடுவேன். இன்னைக்கு எந்த வீட்டுல பாட்டுக் கேக்குதுன்னு காதைத் திருப்பிக்கிட்டு உக்காந்திருப்பாரு. முடிஞ்சதும் சட்டையைக் கழட்டிடுவேன். ஒரு நாளாவது அது கசங்கணும்ல."

நிறஞ்சலா வாளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அது பின்னால் அவளை நெடுநேரம் உறுத்தியது.

மறைக்கல்வி ஆசிரியர் சான்றிதழுக்காக அவள் கிழமையில் மூன்று மாலை மன்னாருக்கு வகுப்புக்குப் போய்வந்தாள். அங்கே சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு அதிகாரத்துக்கும் கொப்பியில் மூன்று கட்டம் போட்டிருந்தாள்: என்ன சொல்கிறது, இன்றைக்கு என்ன சொல்கிறது, எனக்கு என்ன விளங்கவில்லை. மூன்றாவது கட்டம்தான் எப்போதும் நிரம்பி வழியும். எஸ்ரா இரண்டாம் அதிகாரத்துக்கு முதலில் அவள் ஒரே வரிதான் எழுதினாள்: 'திரும்பி வந்தவர்களின் பெயர்கள்.' எழுதிய பிறகு, எல்லாப் பெயரையும் வாசிக்காமல் அப்படி எழுதியது சரியில்லை என்று பட்டது. விரல் வைத்து ஒவ்வொன்றாக வாசித்தாள். ஐம்பத்தொன்பதாம் வசனத்தில் விரல் நின்றது. அறுபத்து மூன்று வரை போய்த் திரும்பவும் ஐம்பத்தொன்பதுக்கு வந்தது.

அடுத்த நாள் பட்டியலைச் சுத்தப் பிரதி எடுக்கும்போது ஐந்தாம் வரிசையில், இடம் என்ற கட்டத்தில், 'மண்டபம்' என்று எழுதவில்லை. 'அவர்களது இல்லம்' என்று எழுதினாள். அழித்தாள். எழுதினாள். கொப்பியின் மூன்றாம் கட்டத்தில், 'இது பொய்யா?' என்று குறித்தாள். அதற்குக் கீழே, 'முந்திய பத்துப் பட்டியலும் என் கையெழுத்துத்தான். அவை என்ன?' என்று எழுதிவிட்டு, இனி அழிக்காமல் தகப்பனிடம் நீட்டினாள்.

எட்வேட் தன் மூன்றாம் அதிகாரத்தை மட்டும் தேடிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிறு பூசை முடிவில் பங்குத்தந்தை வாசித்தார்: "ஐந்தாம் நாள், எஸ்ரா இரண்டு, அல்பிரட் குடும்பம், அவர்களது இல்லம். ஆறாம் நாள், எஸ்ரா மூன்று, எட்வேட் குடும்பம்." ஆண்கள் பக்கத்தில் எட்வேட்டின் தலை சட்டென்று திரும்பியது. ஐந்தாம் நாள் வேதாகமம் அல்பிரட் வீட்டில் தங்கினால், ஆறாம் நாள் அதை யார் போய்த் தூக்க வேண்டும், எதைக் குடித்துவிட்டுத் தூக்க வேண்டும் என்று கோயிலில் இருந்த ஒவ்வொருவருக்கும் உடனே விளங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன் அவர் கேட்டார்.

"என்ர கையெழுத்தை வச்சு எனக்கே செய்தனியோ?"

"நீங்கள் பாத்துத்தானே போட்டனீங்கள், அப்பா."

"பேர்ப்பட்டியலை ஆர் குந்தியிருந்து வாசிக்கிறது?"

"நான் வாசிச்சனான். இதையும் வாசிச்சனான், எஸ்ராவையும் வாசிச்சனான்."

"மாத்தச் சொல்லு சுவாமியிட்ட."

"கோயில்ல வாசிச்ச பட்டியலை ஆரும் மாத்தேலாது. தலைவரும் உட்பட." அது அவருடைய வசனம், ஒரு சொல்லும் பிசகாமல்.

அவர் செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "சரி. அங்க வாசிக்கட்டும். நான் போகேன்."

ஐந்தாம் நாள் மாலை யசோதாவே, முதல்நாள் வாசிப்பு நடந்த மில்ரன் வீட்டுக்குப் போனாள். அல்பிரட்டால் நடக்க முடியாது என்பதால் அன்பியம் அதற்கு மட்டும் சம்மதித்திருந்தது. தேத்தண்ணி அவளுக்குக் காகிதக் கோப்பையில் வந்தது. அந்த வீட்டு அலுமாரிக்குள் கண்ணாடிக் கிளாசுகள் கவிழ்ந்திருந்ததை அவள் பார்த்தாள். குடித்து முடித்து, கோப்பையை மடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, வேதாகமத்தை மார்போடு அணைத்துத் தூக்கினாள்.

வந்தவர்கள் பதினொரு பேர். மற்ற வீடுகளில் முப்பது பேருக்குக் குறைவதில்லை. அல்பிரட் வெளுத்த சட்டையோடு கதிரையில் சாய்ந்திருந்தார். நிறஞ்சலா உள்ளே வந்தபோது அவருடைய நல்ல பக்கத்து உதடு சிரித்தது. எட்வேட் வரவில்லை. அன்ரோனெற் வேலியடிவரை வந்து, அங்கேயே நின்றாள்.

யசோதா ஒரு பெயரையும் விடாமல் வாசித்தாள். வாயில் நுழையாத பெயர்களை நிறுத்தி, எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசித்தாள். பத்து நிமிடம் என்று எட்வேட் சொன்னது அரை மணித்தியாலம் எடுத்தது. முடித்துவிட்டுக் கைகளை முந்தானையில் துடைத்தாள்.

"எனக்குப் பேசத் தெரியாது. தெரிஞ்சதைச் சொல்றேன். இவங்க எல்லாரும் அடுத்த நாட்டுல இருந்துட்டுத் திரும்பி வந்தவங்க. நாங்க வந்தமாதிரி. வர்ற வழியில யாரும் யாரையும் நீ யாருன்னு கேட்டிருக்க மாட்டாங்க. ஊருக்குள்ள வந்தப்புறந்தான் கேட்டிருக்காங்க. சில பேரு தேடிப் பாத்திருக்காங்க, தங்களோட குடும்பத்துப் பேரு பதிவுல கிடைக்கல. நானும் கந்தோர் கந்தோரா என் பிறப்புப் பதிவைத் தேடினவதான். அது கிடைக்காத குத்தத்துக்கு இவங்களைத் தீட்டுன்னு ஒதுக்கிட்டாங்க. கோயில் சாப்பாட்டை நீ சாப்பிடாதேன்னுட்டாங்க."

அவள் பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தாள்.

"நான் நாலு தரம் வாசிச்சுப் பாத்தேன். சாப்பிடாதேன்னு சொன்னது கடவுள்னு இதுல எழுதல. ஆளுநர் சொன்னாருன்னு எழுதியிருக்கு. அதுக்கு நாலு வசனம் தள்ளி அவங்களோட வந்த கழுதைங்களை எண்ணியிருக்காங்க. ஆறாயிரத்து எழுநூத்தி இருபது. ஒண்ணைக்கூட விடல. நம்ம மன்னார்லயும் கழுதை எந்த வாசல்லயும் போய் நிக்கலாம், யாரும் அதுகிட்ட எந்த ஆக்கள்னு கேக்கிறதில்ல. அவ்வளவுதான் எனக்கு விளங்கினது. டீ போட்டிருக்கேன், குடிச்சிட்டுப் போங்க."

கண்ணாடிக் கிளாசுகள், தட்டில் பதினொன்று. பின்வரிசையில் ஒரு பெண் இருமினாள். யாரும் கை நீட்டவில்லை. தேத்தண்ணியின் மேல் மெல்ல ஆடை படியத் தொடங்கியது.

நிறஞ்சலா எழுந்து ஒரு கிளாசை எடுத்தாள். "சித்தி, இஞ்சி போட்டனீங்களோ?" என்றாள். அந்தச் சொல்லை அவள் அந்த வாசலில் முதல்முறை சொன்னாள். யசோதா பதிலுக்குத் தலையை மட்டும் ஆட்டினாள்.

அடுத்ததாக எழுந்தவர் டொமினிக். விடத்தல்தீவிலிருந்து இந்தத் தெருவுக்குக் கலியாணம் கட்டி வந்தவர். "எனக்குச் சீனி கூடப் போட்டுத் தாங்கோ, அக்கா. இவ்வளவு பேரையும் கேட்டுத் தொண்டை வறண்டு போச்சு. கழுதைக்கு முந்தி எங்களை எண்ணட்டும்." இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வெட்கத்தில் எடுத்தார்கள். ஏழு கிளாசுகள் தட்டிலேயே மிஞ்சின.

ஆறாம் நாள் மாலை எட்வேட் வரவில்லை. வேதாகமம் வெள்ளைத் துணியில் காத்திருந்தது. வீட்டுத் தலைவர் வந்து தேத்தண்ணி குடிக்காமல் அதைத் தூக்க முடியாது. வரிசையைத் தாண்டி வேறு வீடு எடுக்கவும் முடியாது. வாசிப்பை ஒரு நாளும் நிறுத்தவும் முடியாது. மூன்றுமே எட்வேட் காத்துவந்தவை. ஆகவே நிறஞ்சலா வேலியைச் சுற்றி நடந்து, சித்தப்பா வீட்டு வாசலில் நின்று, தங்கள் குடும்பத்துக்குரிய எஸ்ரா மூன்றாம் அதிகாரத்தை வாசித்தாள். ஆலயத்துக்கு அத்திவாரம் அங்கே போடப்பட்டது. அன்ரோனெற் வேலியடியில் நிற்காமல் உள்ளே வந்து இருந்தாள்.

ஏழாம் நாள் டொமினிக் தன் நாலாம் அதிகாரத்தை வாசிக்க அங்கேயே வந்தார். எட்டாம் நாள் அடுத்த வீடு. வேறு வழி இல்லாததால் வந்தவர்கள் முதலில் வாசலில் நின்றார்கள்; பிறகு பாயில் இருந்தார்கள். ஒருவர் மறைவாகத் தன் வீட்டுக் கிளாசை மடியில் கட்டிக்கொண்டு வந்ததை டொமினிக் கண்டுபிடித்து, "அதையும் தாங்கோ, இஞ்ச கிளாஸ் காணாது," என்று வாங்கித் தட்டில் வைத்துவிட்டார். ஒரு மாலைக்கு ஒரு வீடாகப் போக வேண்டிய தெரு இப்போது தினமும் இந்த ஒரு வாசலிலேயே ஏறியது. அல்பிரட்டின் சட்டையை யசோதா தினமும் தோய்க்க வேண்டியிருந்தது.

பன்னிரண்டாம் நாள் எட்வேட் தன் முற்றத்தில் தனியாக இருந்தார். வேலிக்கு அப்பாலிருந்து பாட்டு வந்தது. அது முடிந்து நிறஞ்சலா வீடு திரும்பியதும் அவளைப் பார்க்காமல் கேட்டார்.

"அந்தப் புத்தகம் எங்கட வீட்டுக்கு எப்ப வரும்?"

"நீங்கள் போய் ஒரு தேத்தண்ணி குடிச்சா அண்டைக்கே வரும், அப்பா."

"நான் போகேன் எண்டு சொல்லிப்போட்டன்."

"அப்ப அங்கயே இருக்கட்டும். அங்க இருக்கிறதில ஒருத்தருக்கும் குறையில்லை."

அவள் உள்ளே போய்க் கொப்பியைத் திறந்தாள். முன்கூட்டியே வாசித்துவைக்கும் பழக்கத்தில், நெகேமியா ஏழாம் அதிகாரத்தில் அதே பட்டியல் திரும்பவும் வருவதை அவள் கண்டிருந்தாள். அதே பெயர்கள், அதே தேடல், அதே விலக்கு, அதே ஆறாயிரத்து எழுநூற்று இருபது கழுதைகள். இன்னும் எட்டு நாள். மூன்றாம் கட்டத்தை வெறுமையாக விட்டாள். இடம் என்று ஓரத்தில் ஒரு புதுக் கட்டம் கீறி, இந்த முறை அழிக்காமல், 'சித்தி வீடு' என்று எழுதினாள்.