திரும்பிப் பார்க்காத கை

எங்கள் குடும்பத்தில் யாரையும் யாரும் வேலையை விட்டு அனுப்பியதில்லை. அந்த நிலை வருமுன் நாங்களே எழுதிக் கொடுத்துவிடுவோம். அதனால்தான் கூடைப்பந்து இறுதிப் போட்டியன்று, என் தங்கையின் ராஜினாமாக் கடிதத்தை நானே எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

கல்லூரியில் அவள் ஓட்டக்காரி. தொடர் ஓட்டத்தில் கடைசி ஆள். ஒரு முறை கட்டையை வாங்கும்போது பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டாள். அந்த அரை நொடியில் பதக்கம் போயிற்று. பிறகு பெண்கள் பள்ளி ஒன்றில் பயிற்சியாளர் ஆனாள். கைப்பந்தோ எறிபந்தோ ஹாக்கியோ, எதுவானாலும் பிள்ளைகளின் கையில் அவள் முதலில் கொடுப்பது தொடர் ஓட்டக் கட்டையைத்தான்.

"கை-ன்னு குரல் வந்தா நீட்டு. திரும்பிப் பாக்காதே. வரும்."

மூன்று ஆட்டத்திலும் கோப்பை வந்தது. கூடைப்பந்தில் மட்டும் சென்ற ஆண்டு முதல் சுற்றிலேயே மண்ணைக் கவ்வினார்கள். இம்முறை இறுதிக்கு வந்தும் பள்ளிச் செயலாளருக்கு மனம் ஆறவில்லை. கோப்பை வராவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்.

அரங்கில் என் பக்கத்து நாற்காலி அவருடையது. "என்ன சார், கட்டையைக் குடுத்தா பந்து விளையாட வந்துருமா?"

"ஆட்டம் முடியட்டும்" என்றேன். குரல் விறைப்பாகத்தான் வந்தது. கை மட்டும் பையிலிருந்த கடிதத்தைத் தடவிக்கொண்டது.

எட்டு நொடி மிச்சம். ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். தங்கை இடைவேளை கேட்டாள். நான் இறங்கிப் போய்க் கடிதத்தை நீட்டினேன்.

"இப்பவே கையெழுத்துப் போடும்மா. தோத்தப்புறம் போட்டா அசிங்கம்."

"அண்ணா, இன்னும் எட்டு செகண்ட் இருக்கு. வழிய விடுங்க." என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கடிதத்தோடு என் நாற்காலிக்கே வந்தேன்.

ஆட்டம் தொடங்கியது. பந்து வைத்திருந்த எங்கள் அணித் தலைவியை இருவர் மறித்தார்கள். எல்லோரும் 'சுண்டெலி' என்று கூப்பிடும் குள்ளப் பெண், பந்துக்கு முதுகைக் காட்டியபடி கூடையை நோக்கி ஓடினாள். பந்தைப் பார்க்காதவளை எதிரணி ஏன் கவனிக்கப்போகிறது?

"கை!" என்று கத்தினாள் தலைவி.

சுண்டெலி திரும்பவில்லை. கையைப் பக்கவாட்டில் நீட்டினாள். தரையில் ஒரு முறை பட்டு எழுந்த பந்து அந்தக் கையில் வந்து ஒட்டியது. இரண்டு எட்டு, ஒரு தாவல், கூடைக்குள் பந்து. மணி அடித்தது.

நான் எழுந்து நின்று கைதட்டினேன். பொது இடத்தில் நான் கைதட்டியது அதுவே முதல் முறை.

செயலாளர் எனக்கு முன்னால் களத்துக்கு ஓடினார். "மேடம், அடுத்த வருஷம் கால்பந்தும் நீங்கதான் பாத்துக்கணும்!"

"பாத்துட்டாப் போச்சு. அண்ணா, ஏதோ பேப்பர் வெச்சிருந்தீங்களே?"

கொடுத்தேன். அவள் அதைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் கால்பந்துக்கு வேண்டிய சாமான்களை எழுதத் தொடங்கினாள். முதல் வரி: கட்டை, ஆறு.

செயலாளர் எட்டிப் பார்த்தார். "ஆறு போதுமா மேடம்?"