மேடையேறிய பாதங்கள்

கோவளத்தில் பிறந்தவன் செருப்புக் காலோடு படகில் ஏறமாட்டான். கரையிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, படகின் முன்முனையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பின்பே காலெடுத்து வைப்பான். ஆனந்தனோ கடற்பிழைப்பை இளமையிலேயே விட்டவன். அலை புரட்டிய புரட்டில் குடல் வாய்க்கு வந்து, ஊரார் கைகொட்டிச் சிரிக்கக் கரை சேர்ந்தவன். அதன்பின் செம்பாக்கத்தில் ஒரு வீட்டு மாடியில், தொலைக்காட்சித் தொடர்களை வெட்டி ஒட்டும் படத்தொகுப்பாளனாகத் தலைமயிர் நரைக்கும்வரை உழைத்தான். அவன் கடலை விட்டான்; கடலோர வழக்கம் அவனை விடவில்லை. அதுவே அவனைக் கெடுத்தது.

தாம்பரத்தை அடுத்த ஒரு பொறியியல் கல்லூரியின் அரங்கில், ஒரு தொலைக்காட்சி நிறுவனம் தன் தொடர்களுக்குத் தானே விருது வழங்கிக்கொண்ட விழா அது. நட்சத்திரங்கள் வருமுன், நாற்காலிகள் பாதி காலியாயிருக்கும்போதே, ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, ஒப்பனை முதலான தொழில்நுட்ப விருதுகளைக் கொடுத்து முடிப்பது முறை. ‘சிறந்த படத்தொகுப்பு’ என்ற அறிவிப்போடு தன் பெயர் ஒலித்தபோது, கருவறைத் திரை விலகித் தீபம் தெரிந்தாற்போல ஆனந்தனுக்கு மெய் சிலிர்த்தது. கண்ணாடித் தளத்தின் அடியில் விளக்குகள் எரிய, மேடை நீர்ப்பரப்பாய் மின்னியது. படியின் கீழே நின்று புது ஷூக்களைக் கழற்றினான். குனிந்து மேடை விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வெறும் காலுறையோடு ஏறினான்.

சில அடிகள்தாம். கண்ணாடி காலை வாரியது. இரு பாதங்களும் கூரையை நோக்க மல்லாந்து விழுந்தான். விருது கொடுக்க நின்ற நடிகை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவன் எழுந்தான், விருதை வாங்கினான், ஒலிபெருக்கியில் தன் தாயின் பெயரைச் சொல்லிக் கும்பிட்டான். கீழே இறங்கியதும், பெயர் பொறித்துத் தருகிறோம் என்று ஒருவர் அந்த விருதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். அது பின் வரவே இல்லை.

ஆகவே அவன் பெற்ற சிறப்புக்கு எஞ்சிய ஒரே சான்று, தீபாவளியன்று காலை ஒளிபரப்பாக இருந்த அவ்விழாவின் பதிவு. கோவளத்தில் மீன் விற்கும் அவன் தாய் முத்தாலம்மாள், செய்தி கேட்ட அன்றே கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாய்ச் சொல்லிவிட்டாள். ‘வாந்திக்காரன்’ என்று ஊர் தன் மகனுக்கு இட்ட பெயரை அந்த ஒரு காலைப்பொழுது துடைத்துவிடும் என்பது அவள் நம்பிக்கை. அவன் நம்பிக்கையும் அதுதான்.

விழாவைச் சுருக்கித் தொகுக்கும் வேலை ஆனந்தனிடமே வந்தது. சிறந்த தொகுப்பாளன் அவனல்லவா.

“டெக்னிக்கல் அவார்டெல்லாம் மொத்தமா தூக்கிடு ஆனந்தா,” என்றார் நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஹேமநாத், அவனுக்குப் பின்னால் அமர்ந்து வடையைப் பிட்டபடி. “லைட்மேன், மேக்கப்மேன் மூஞ்சியெல்லாம் பண்டிகை அன்னிக்கு எவன் பார்ப்பான்?”

“என்னுதும் அதுலதான் வருது சார்.”

“உன்னுதை எப்படிய்யா தூக்குவேன்? ஷோவுலயே பெஸ்ட் அதுதான்.”

ஆனந்தனின் முகம் மலர்ந்தது. ஹேமநாத் அந்த மலர்ச்சியைச் சற்று நேரம் இருக்கவிட்டார்.

“அந்த விழுந்த பிட்டு. கப் வாங்கினதை வெட்டிடு. விழறதை மட்டும் ரெண்டு மூணு வாட்டி ரிப்பீட் போட்டு, நடுவுல ஸ்லோமோஷன், கடைசியில தவில்ல ஒரு அடி. காம்பியர் பொண்ணு ஜோக்கைவிட இது நிக்கும்.”

“எங்கம்மா ஊரையே கூட்டி வெச்சிருக்காங்க சார்.”

“நல்லதுதானே, ரேட்டிங் ஏறும்.”

“ஒரு நாலு செகண்ட் சார். கப்பை வாங்கிக் கும்பிடற ஷாட் மட்டும். வேற ஒண்ணும் கேக்கல.”

ஹேமநாத் விரலில் ஒட்டிய எண்ணெயைச் சன்னல் திரையில் துடைத்தார். “விழறதை நல்லா பண்ணு. பார்த்து நான் சிரிச்சேன்னா, பெஸ்ட் ஹீரோயின் அழுது முடிச்சதும் அந்த நாலு செகண்ட் உனக்கு.”

“விழற இடத்துல முகம் தெரியாம வெச்சுக்கட்டுமா சார்?”

“மூஞ்சி எவனுக்கு வேணும்? கால் போதும். சாக்ஸ்ல கட்டைவிரல் வெளிய எட்டிப் பார்க்குது பாரு, அது போதும்.”

தன் முகம் வந்த காட்சிகளை ஒவ்வொன்றாக நீக்கினான் ஆனந்தன். ஷூவைக் கழற்றும் கைகள், மேடை விளிம்பைத் தொடும் விரல்கள், ஓட்டைக் காலுறை, கண்ணாடித் தளம்: இவை மட்டும் எஞ்சின. வணங்கும் விரல்களின்மீது சற்றே அதிகம் தங்கினால் விழும்போது சிரிப்புக் கூடும் என்று அவன் கைக்குத் தெரிந்தது, தங்கினான். கால் வழுக்கும் அந்தக் கணத்துக்கு முன்னால் ஓசை முழுவதையும் அடக்கினான். அமைதி. அதன்பின் தவில். மனம் வேண்டாமென்றது; கையோ தன் தொழிலைப் பிழையறச் செய்தது. முடித்துப் பார்த்தபோது, எல்லாவற்றினும் கொடிதாக, அவனுக்கே உதட்டோரம் சிரிப்பு வந்தது.

ஹேமநாத் நாற்காலியில் சரிந்து சரிந்து சிரித்தார். “இதுக்குத்தான்யா உனக்கு அவார்டு,” என்று அவன் முதுகில் தட்டினார். சொன்னபடியே, நாயகியின் கண்ணீருக்குப் பின் அந்த நாலு விநாடியை ஆனந்தன் வைத்து முடித்தான். கேசட்டை ஹேமநாத் எடுத்துக்கொண்டு போனார்.

தீபாவளிக் காலையில், அரசாங்கம் கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியை முத்தாலம்மாள் வாசலில் மீன்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் ஏற்றி வைத்திருந்தாள். கடலுக்கு யாரும் போகாத நாள். தெரு முழுவதும் மணலில் அமர்ந்திருந்தது. ஆனந்தன் தாயின் அருகே வெறுங்காலோடு சம்மணமிட்டிருந்தான்.

“இன்னா மச்சான், இன்னிக்காவது வாந்தி எடுக்காம குந்தியிருப்பியா?” என்றான் தயாளன். முன்பு ஆனந்தனைப் படகில் அழைத்துப் போனவன் அவன்தான்.

“போடா பேமானி,” என்றாள் முத்தாலம்மாள். “எம்புள்ள டிவில வர்றதப் பாத்துட்டு அப்பால பேசு.”

நடனம் ஒன்று முடிந்ததும் அந்தப் பாதங்கள் வந்தன.

விரல்கள் மேடையைத் தொட்டன. அமைதி நிலவியது. தவில் அடித்தது. தெரு ஒரே வாயாய்ச் சிரித்தது. பாதங்கள் மறுபடி எழுந்து மறுபடி விழுந்தன. அடுத்து மெதுவாக, நீரில் மிதப்பனபோல் விழுந்தன. யாவரினும் உரக்கச் சிரித்தவள் முத்தாலம்மாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மகனின் தோளில் சாய்ந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள்.

“யார்ரா அவன், ஷூவக் கழட்டிக்கினு ஏறுறான். நம்ம சனம் மாதிரி கீறான் பாரு. ஐயோ, சாக்ஸைப் பாரு, வெரலு எட்டிப் பாக்குது. இவனப் பெத்தவ எங்க போயி முட்டிக்குவாளோ.”

ஆனந்தனும் சிரித்தான். அந்தப் பாதங்கள் அவனுடையவை என்று ஒருவரும் அறியவில்லை. அவன் கைத்திறன் குறையற்றதாய் இருந்தது. நாலு விநாடிக்காக இதைப் பொறுக்கலாம் என்று தன் பாதங்களை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டான்.

நாயகி அழுதாள். தாயாரை நினைத்து அழுதாள், இயக்குநரை நினைத்து அழுதாள். அழுது முடித்தாள். “தோ, இப்ப வரும்மா,” என்று ஆனந்தன் தாயின் கையைப் பற்றினான்.

தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் விளம்பரப் புட்டி ஒன்று திரையில் சுழன்றது. அதன்பின் இறுதிப் பாடல்.

அவன் எழுந்து வீட்டின் பின்புறம் போய்க் கைப்பேசியில் அழைத்தான்.

“ஸ்பான்சர் கடைசி நேரத்துல வந்து நின்னான்யா, எங்கேயாவது தூக்கித்தானே ஆகணும்?” என்றார் ஹேமநாத். பின்னணியில் வெடிச்சத்தம் கேட்டது. “ஆனா கால் பிட்டு செம்ம. எம்.டி.யே போன் பண்ணிச் சிரிச்சார். அடுத்த வருஷமும் எடிட்டு நீதான். ஹேப்பி தீபாவளி.”

அவன் திரும்பியபோது பெட்டியில் ஒரு திரைப்படம் தொடங்கியிருந்தது. பெண்கள் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். முத்தாலம்மாள் மட்டும் அசையாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மச்சான், நீ எந்தப் பக்கம் வந்தே? நான் கொட்டாவி விட்டப்ப வந்துட்டியா?” என்றான் தயாளன். நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள்.

“சும்மா இருடா. இன்னும் முடியல,” என்ற அவள் மகனை நிமிர்ந்து நோக்கினாள். “உன்னிய எப்பக் காட்டுவாங்க கண்ணு?”

சிரித்த கண்ணீர் அவள் கன்னத்தில் இன்னும் காயவில்லை. அந்தக் கால் என்னுடையது என்று சொன்னால், அவள் சிரித்த சிரிப்பெல்லாம் அவள் தொண்டையில் முள்ளாய்க் குத்தி நிற்கும். இருக்கும் நாள் முழுதும் இறங்காது. ஆனந்தனுக்கு அது தெரிந்தது. நீக்க வேண்டியதை நீக்கிப் பழகிய மனம் இங்கும் ஒரு முடிவுக்கு வந்தது.

“காட்ட மாட்டாங்கம்மா,” என்றான். “எனக்கு அவார்டு எதுவும் குடுக்கல. சும்மா சொன்னேன்.”

முத்தாலம்மாள் எழுந்து பெட்டியை அணைத்தாள். அவனை அடிப்பாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள், அவள் அடிக்கவில்லை. பெட்டியைக் கீழே இறக்கி வைத்துக் கவிழ்ந்திருந்த கூடையை நிமிர்த்தினாள். அதன் உள்ளே ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள். மகனின் முகத்தைப் பாராமல், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

“உழுந்து பொரண்டானே, அவனாவது மேடை ஏறினான்டா. அவனப் பெத்தவ குடுத்து வெச்சவ.”