ஏற்றத்தில் மட்டும் கொதிக்கும் வண்டி

மூன்று தடவை கிளம்பி, மூன்று தடவையும் பாதி வழியில் திரும்பி வந்தவளை ஊர் சும்மா விடுமா? பெட்ரோல் பங்க் லமார் ஒருத்தன் போதும், தண்டோரா போட.

"என்ன நெட்ரா, இன்னிக்கும் பாதி மலையில காபி போட்டுட்டுத் திரும்பிட்டியா?"

"அந்தக் கொதி தண்ணியை உன் வாயில ஊத்துனா எல்லாம் சரியாயிடும்," என்றேன்.

என்னுடையது அறுபத்தாறாம் வருஷத்துப் பிக்கப், பச்சை நிறம். ஊருக்குள் நாள் முழுக்க ஓட்டுங்கள், ஒரு முனகல் இருக்காது. மியூல் ஷூ மலைப்பாதையின் ஏற்றத்தில் ஏறினால்தான் அதற்குக் கேடு. நாலாவது வளைவு வந்ததும் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடும், பானெட்டிலிருந்து ஆவி கிளம்பும். என்னைப் போன்றவர்களுக்காகவே அந்த வளைவில் ஒரு பீப்பாய் நிறையத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள்.

ஏற்றத்துக்கு மேலே, பைன் மரங்களுக்கு நடுவே, ஆரின் இருந்தான். இருபத்தாறு வருஷம் என் புருஷன். சனிக்கிழமை ஐடஹோவில் இருக்கும் தங்கை வீட்டுக்கு ஒரேயடியாகப் போகிறேன் என்று கார்டு போட்டிருந்தான். அதற்குள் அவன் முன்னால் போய் நின்று "போகாதே" என்று சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

போன் இல்லையா, வேறு கார் இல்லையா என்று கேட்பீர்கள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு மலைக்குளிர் வேண்டியிருந்தது, எனக்கு என் சலூன் வேண்டியிருந்தது. போகிற அன்றைக்கு, "வண்டியை நீயே வச்சுக்க. என்னைப் பாக்கணும்னு தோணுனா இதுல ஏறி வா," என்றான். "வருவேன். இதே வண்டியில வந்து உன் வாசல்ல நிறுத்துவேன்," என்று நானும் கத்தினேன். அப்படிச் சொன்னவள் அடுத்தவர் காரில் போய் இறங்குவதா? ரோஷம்! நாலு வருஷமாக அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினேன், ஒரு பிரயோஜனமும் இல்லை.

எங்கள் பக்கம் ஒரு பானெட் திறந்தால் போதும், ஐந்து தொப்பிகள் உள்ளே எட்டிப் பார்க்கும். லமார் முதல் வேலையாகத் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போட்டான். மே மாதம் பிறந்தால் இந்தப் பள்ளத்தாக்கில் எல்லோரும் அதைப் பிடுங்குவார்கள், நவம்பரில் திரும்ப மாட்டுவார்கள். "அரிசோனா வெயிலுக்கு அது எதுக்கு? தண்ணி தாராளமா ஓடட்டும்," என்றான். பிறகு ரேடியேட்டரைக் கழுவினோம், புது மூடி, புது ஃபேன் பெல்ட். ஒழுகினால் அடைக்கும் என்று ஒரு கிழவர் சொன்னதைக் கேட்டு மிளகுத்தூள்கூடப் போட்டேன், இரண்டு நாள் வண்டி சூப் மணம் மணத்தது. கடைசியில், ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டால் இன்ஜின் சூடு உள்ளே வந்துவிடும் என்றார்கள். நூற்றெட்டு டிகிரி வெயிலில் ஹீட்டர் போட்டு ஓட்டினேன் ஐயா! கால் இரண்டும் வெந்ததுதான் மிச்சம்.

வியாழக்கிழமை நாலாவது தடவையாகக் கிளம்பினேன். அவனுக்குப் பிடித்த நீலச் சட்டை, லிப்ஸ்டிக் எல்லாம். நாலாவது வளைவில் மறுபடி ஆவி. பீப்பாய்க்குப் பக்கத்துப் பாறையில் உட்கார்ந்து, யாரும் இல்லை என்ற தைரியத்தில், வாய்விட்டு அழுதேன். அவனைப் பார்க்காமலே விட்டுவிடுவேனோ என்று பயந்தேன்.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். மேலேயிருந்து ஒரு கார், பின்னால் தார்ப்பாய் போர்த்திய ட்ரெய்லரை இழுத்துக்கொண்டு இறங்கி வந்து நின்றது. இறங்கியவன் ஆரின்.

"சனிக்கிழமைன்னுல்ல எழுதியிருந்த?" என்றேன், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"சனிக்கிழமை வெயில் நூத்திப் பதினஞ்சு போகுமாம். ட்ரெய்லரோட மாட்டிக்க வேணாம்னு கிளம்பிட்டேன். நீ எங்க இந்தப் பக்கம்?"

"சும்மா. வண்டியை ஓட்டிப் பாக்கலாம்னு."

லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டிப் பார்க்கிறவளை அவன் ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு பானெட்டைத் தூக்கினான்.

"மேட்டுல மட்டும்தானா?"

"மேட்டுல மட்டும்தான்."

"தெர்மோஸ்டாட் எங்க?"

"லமார் புடுங்கிட்டான்."

"அவன் பல்லைப் புடுங்கணும். சரி, ஏறி ஸ்டார்ட் பண்ணு. நான் சொல்றப்ப மிதி."

தண்ணீர் ஊற்றினான். நான் ஆக்ஸிலேட்டரில் காலை வைத்தேன். எங்களுக்கு நடுவில் அந்தப் பச்சை பானெட் சுவர் மாதிரி நின்றது. அடியில் இருந்த சந்தில் அவன் முழங்கை மட்டும் தெரிந்தது.

"மிதி!"

மிதித்தேன். இன்ஜின் அலறியது. அந்த அலறலில்தான் எனக்கு வாய் வந்தது.

"ஆரின், போகாத."

"ஆங்?" என்றான். காலை எடுத்தேன்.

"ஒண்ணுமில்ல."

"அப்ப மிதி. நல்லா மிதி."

அடிவரை மிதித்தேன். "சலூனை வித்துடறேன். நான் மேல வந்துடறேன். போகாதடா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"புடிச்சுட்டேன்!" என்று கத்தினான் அவன். "இறங்கி வா, பாரு!"

அவன் கையால் கார்புரேட்டரை முறுக்கி இன்ஜினுக்கு வேகம் கொடுத்துக் காட்ட, நான் குனிந்து பார்த்தேன். ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகும் கீழ் ஹோஸ், இன்ஜின் வேகம் எடுத்ததும் உறிஞ்சப்பட்டு அப்பளமாக ஒட்டிக்கொண்டது. வேகம் குறைந்ததும் தானே உப்பி நல்ல பிள்ளையாகிவிட்டது.

"உள்ள ஒரு ஸ்ப்ரிங் இருக்கும். துருப்பிடிச்சுப் போயிருக்கு. மேடு ஏற வேகம் குடுத்தா ஹோஸ் அமுங்கிடுது, தண்ணி நின்னுடுது. அத்தனை பேரும் நின்ன வண்டியையேவா பாத்தீங்க?"

வேலியோரம் கிடந்த கம்பியை எடுத்து, சுத்தியல் பிடியில் நெருக்கமாகச் சுற்றி, ஒரு ஸ்ப்ரிங் செய்தான். ஹோஸைக் கழற்றி உள்ளே திணித்து, திரும்ப மாட்டி முறுக்கினான். நான் விளக்குப் பிடிப்பவள் மாதிரி சும்மா நின்று அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு வருஷத்தில் கொஞ்சம் நடுக்கம் வந்திருந்தது. பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் போல் ஏங்கியது மனசு.

தண்ணீர் நிரப்பி, பானெட்டை மூடினான். இப்போது நடுவில் எதுவும் இல்லை.

"இனி ஏறும்," என்றான். போகாமல் நின்றான். "வேற ஏதாவது சொல்லணுமா?"

"வழியில தூக்கம் வந்தா ஓரமா நிறுத்து," என்றேன்.

என் வாயில் நானே அறைந்திருக்க வேண்டும். அவன் தலையாட்டிவிட்டுக் காரில் ஏறினான். எதிரே வரும் யாருக்கும் வணக்கம் சொல்வது போல ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு இறக்கத்தில் போய்விட்டான்.

ஊருக்குத் திரும்ப எனக்கு முகம் இல்லை. மேலே ஓட்டினேன். ஐந்தாவது வளைவு, ஆறாவது, ஏழாவது. முள் அசையவே இல்லை. சொன்னபடி அதே வண்டியில் போய், சொன்னபடி அவன் வாசலில் நிறுத்தினேன். வீட்டில் திரைச்சீலைகூட இல்லை.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண்மணி துணிக்கூடையோடு ஓடி வந்தார். "நான் ட்வைலா. நீதான நெட்ரா? பச்சை வண்டி! அவன் எங்கம்மா? உன் பின்னாடி வர்றானா?"

"அவன் போயிட்டானே."

"போயிட்டானா? நீ ஒண்ணும் சொல்லலையா?"

எனக்குப் புரியவில்லை. அவர் என்னைக் கையைப் பிடித்து வீட்டுப் பின்பக்கம் கூட்டிப் போனார். கீழே மலைப்பாதை முழுக்கத் தெரிந்தது, பீப்பாய் உட்பட.

"நீ வர்றது, ஆவி கிளம்புறது, திரும்புறது, எல்லாம் இங்க நின்னுதான் பாப்பான். போய்க் கூட்டிட்டு வாயேன்டான்னா, 'நான் பாதியில போய் நின்னா அவளுக்கு ரோஷம் வந்துடும்'பான். சனிக்கிழமைதான் போறதா இருந்தான். இன்னிக்கு உன் வண்டி ஆவியைப் பாத்ததும் அவசர அவசரமா ட்ரெய்லரை மாட்டுனான். 'போற வழியில பாத்த மாதிரி நிக்கிறேன் ட்வைலா. இருன்னு ஒரு வார்த்தை சொன்னா ட்ரெய்லரைத் திருப்பிட்டு வந்துடறேன். சொல்லலேன்னா அப்படியே போயிடறேன்'னான்."

பள்ளத்தாக்கில் வெகுதூரத்தில் ஒரு தார்ப்பாய் வெயிலில் மின்னி, வடக்கே போகும் சாலையில் திரும்பியது. "இருடா!" என்று இங்கிருந்தே கத்தினேன். ட்வைலா பயந்து கூடையைக் கீழே போட்டுவிட்டார்.

ட்ரெய்லர் இழுப்பவன் மணிக்கு நாற்பத்தைந்து மைலுக்கு மேல் போக மாட்டான். நான் ஓடிப் போய் வண்டியைத் திருப்பினேன்.