எதிரெதிர்த் தண்டுகள்

வைகாசிப் புலரியின் இளங்கதிர், பிரெஞ்சுத் தலைநகரின் வடக்குத் தொடருந்து நிலையத்து இருப்புப் பாதைகளை வெள்ளிக் கம்பிகளென மின்னச் செய்து, இரும்புப் பாலத்தின் நீள்நிழலை ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பல் தெருக்களில் பரப்பி, நகைக்கடைக் கண்ணாடிகளிலும் கறிவேப்பிலைக் கட்டுகளிலும் ஒருங்கே ஒளிவீசிய வேளையில், சமையற்காரர் யோகநாதன் அண்டாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். நாட்டுப்புற மாளிகையொன்றில் அன்று தம்பி தவரத்தினத்தின் மகளுக்குத் திருமணம். போர் முடிந்த ஆண்டில் ஊரில் தந்தை மறைந்த செய்தியை, அண்ணன் தாங்கமாட்டார் என அஞ்சித் தம்பி காடாற்றுச் சடங்கு முடியும்வரை மறைத்துவிட்டார். அன்றுமுதல் இருவருக்கும் பேச்சில்லை. வந்த அழைப்பைத் திருப்பியனுப்பிய யோகநாதன், சமைக்கப் போகுமாறு உணவக முதலாளி பணித்தபோது மட்டும் ஏனோ மறுக்கவில்லை.

மாளிகை முற்றத்தில் செந்நிறத் தீயணைப்புப் பொறியொன்று நின்றது. நகரத்துத் தீயணைப்போர் வந்துசேர்வதற்குள் யாவும் சாம்பலாகும் என்றுணர்ந்த பழஞ்செல்வர், தம் மனையைக் காக்கத் தாமே வாங்கிவைத்தது; நீர்த்தொட்டியும் தோற்குழாயும், இருபுறமும் ஆட்கள் நின்று மாறிமாறி அழுத்தும் நெடுந்தண்டுகளும் உடையது. ஈழத்தவரான மாளிகைக் காவலர் யோன் அதை ஆண்டுதோறும் ஊர்விழாவில் இயக்கிக் காட்டுவார்.

தாலி ஏறிப் பந்தி தொடங்கும் பொழுதில், பழைய குதிரைக் கொட்டிலின் மேல்மாடத்தில் புகை கிளம்பியது. தலைச்சுற்றால் அங்கே படுத்திருந்தார் தவரத்தினத்தின் மனைவி கோசலை. மரப்படிகளோ எரிந்துகொண்டிருந்தன.

"தீயணைப்பு வண்டி வர நேரமெடுக்கும்! இஞ்சை ஓடி வாங்கோ, தண்டைப் பிடியுங்கோ!" என்று கூவினார் யோன்.

பெண்கள் சோற்று அண்டாக்களைக் கவிழ்த்துவிட்டுக் குளத்துநீரை முகந்து தொட்டியை நிரப்பினர். மணமகன் குழாய்முனையைப் படிகளை நோக்கிப் பிடித்தான். தண்டைப் பற்றி நிமிர்ந்த யோகநாதன், எதிர்த்தண்டில் பட்டு வேட்டியோடு நின்ற தம்பியைக் கண்டார். ஒருவர் தாழ மற்றவர் எழ, நீர் சீறிப் பாய்ந்தது. அழுதழுது தவரத்தினத்தின் கை தளர்ந்தது.

"விடாதை, தம்பி! அமத்து!"

அத்தனை ஆண்டுக்குப் பின் அண்ணன் வாயினின்று வந்த முதற்சொல் அது. ஈரச்சாக்கைப் போர்த்து ஏறிய யோன், கோசலையைத் தோளில் சுமந்திறங்கிய சற்றைக்கெல்லாம் கூரை சரிந்தது.

கோசலை கண்விழித்தபின் தவரத்தினம் அண்ணனிடம் வந்தார். "அப்பான்ரை செய்தியை ஒளிச்சது பிழைதான், அண்ணை."

"ஓம், பிழைதான்," என்றார் யோகநாதன். "பிள்ளையை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வா."

கரிபடிந்த கூறைச்சேலையோடு மணமகள் தாள்பணிந்தாள். தோலுரிந்து குருதி கசிந்த உள்ளங்கையை அவள் தலைமேல் வைக்கத் தயங்கி, புறங்கையால் உச்சியைத் தொட்டு வாழ்த்தினார் பெரியப்பா. பேச்சற்றபின் அவள் வளர்ந்த ஆண்டுகளுள் ஒன்றையேனும் அவர் கண்டதில்லை. தீயுண்ட கூரையை மீண்டும் வேயலாம், அன்பரே. பேசாது கழிந்த காலத்தை மீட்டுத்தரும் பொறியை இவ்வுலகில் எவரும் செய்துவைக்கவில்லை.