கதவுக்கு வெளியே ஹாஜா மைதீன்

ஏழு பேர் இல்லாமல் லாட்ஜ் கூட்டத்தைத் திறக்கக் கூடாது. அது விதி. அந்த வியாழக்கிழமை மாலை மேற்குத் தாம்பரத்து மாடி ஹாலில் ஆறு பேர்தான் இருந்தார்கள்.

ஏழாவது ஆளுக்காக ஏழரை மணிவரை காத்திருந்தார்கள். புதிதாகச் சேர வந்த மோகன்ராஜ் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் வெளியறையில் உட்கார்ந்திருந்தார். குரோம்பேட்டையில் பல் டாக்டர். அன்றைக்கென்றே கிளினிக்கை மூடிவிட்டு வந்தவர். கடைசியில் செக்ரட்டரி ஹாஜா மைதீன்தான் போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று.

"டாக்டர், மன்னிச்சுக்கோங்க. இன்னிக்கு நடக்காது. ஆள் பத்தல."

டாக்டர் சிரித்துக்கொண்டேதான் எழுந்தார். "இருக்கறவங்களே வராத இடத்துக்கா சார் என்னைக் கூப்பிட்டீங்க?"

கேலியாகச் சொன்னதுதான். ஆனாலும் ஹாஜா மைதீனுக்கு முகம் கறுத்துவிட்டது.

கூடுவாஞ்சேரியில் டைல்ஸ் ஷோரூம் வைத்திருக்கும் அவருக்கு அந்த லாட்ஜ் இன்னொரு வீடு மாதிரி. பதினோரு வருஷமாக அவர்தான் செக்ரட்டரி. ஃப்ரீமேசன் லாட்ஜ் என்றால் அக்கம்பக்கத்தில் பாதிப் பேருக்கு என்னவென்றே தெரியாது. "லாட்ஜா? ரூம் கீதா பாய்?" என்று கீழே டீக்கடையில் கேட்டவர்கள் உண்டு. அவர் பொறுமையாக விளக்குவார். சாதி மதம் பார்க்காமல் ஆண்கள் சகோதரர்களாகக் கூடும் பழைய சங்கம். குர்ஆனும் கீதையும் பைபிளும் ஒரே மேஜையில் திறந்திருக்கும். சடங்கில் பேசுவதையெல்லாம் புத்தகம் பார்க்காமல் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்.

அந்த மனப்பாடத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. யார் வராவிட்டாலும் அவர் இடத்தில் நின்று ஒரு சொல் பிசகாமல் சொல்லிவிடுவார். ஹால் சாவி, சாப்பாட்டு ஏற்பாடு, கடிதங்கள், எல்லாம் அவர் தலையில். பதிவேட்டில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தும் வருகிறவர்கள் ஏன் ஆறாகிப் போனார்கள் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

"எல்லாருக்கும் மெசேஜ் போட்டேன் ஷரீஃபா. மூணு தடவை போட்டேன்" என்று வீட்டில் புலம்பினார்.

"மெசேஜுக்கு யாருங்க வருவாங்க?" என்றாள் மனைவி. "நம்ம பொண்ணு கல்யாணத்துக்கு மெசேஜா போட்டோம்? வாசப்படி ஏறித்தானே அழைச்சோம்?"

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் ஸ்கூட்டரை எடுத்தார். முதல் வீடு பெருங்களத்தூரில் தயாளன் வீடு. ரயில்வேயில் சிக்னல் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர்; நாலு வருஷம் தவறாமல் வந்து, பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டவர்.

காபி வந்தது. பேரன் பேத்தி விசாரிப்பு முடிந்தது. "ஏன் பிரதர் வர்றதில்ல? உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்று கேட்டார் ஹாஜா மைதீன்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்ல பாய். எனக்கு அங்க வேல இல்ல. அவ்வளவுதான்."

"அப்படிச் சொல்லலாமா?"

தயாளன் டம்ளரைக் கீழே வைத்தார். "நாலு வருஷத்துல ஒரே ஒரு தடவை எனக்கு ஒரு பேச்சு குடுத்தீங்க. புது ஆளுக்குச் சொல்ற புத்திமதி. ரெண்டு பக்கம். ஒரு மாசம் ராவும் பகலுமா படிச்சேன். என் சம்சாரத்துக்கே அது மனப்பாடம் ஆயிடுச்சு. அன்னிக்கு என்ன ஆச்சு, ஞாபகம் இருக்கா?"

ஹாஜா மைதீனுக்கு ஞாபகம் இல்லை.

"மூணாவது வரியில நின்னேன். நீங்க பின்னாலிருந்து ஆரம்பிச்சு, கடைசி வரைக்கும் நீங்களே சொல்லி முடிச்சிட்டீங்க. எல்லாரும் கை தட்டினாங்க, உங்களுக்கு." அவர் குரலில் கோபம் இல்லை. "நான் மறக்கல பாய். மூச்சு வாங்கினேன்."

ஹாஜா மைதீன் தன் டம்ளரைத் தள்ளி வைத்தார். உதவி செய்வதாக நினைத்துத்தான் அன்று வாயைத் திறந்திருப்பார். இத்தனை வருஷமும் அப்படித்தான். ஒருவர் தயங்கினால் இவர் சொன்னார். ஒருவர் வரத் தாமதமானால் இவர் செய்தார். மற்றவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் காரியம் நடந்தது. அப்புறம் அவர்கள் எதற்கு வருவார்கள்?

"தப்பு என்னோடதுதான்" என்றார். "அந்தப் புத்திமதியை நீங்கதான் மறுபடி சொல்லணும். நான் குறுக்க வந்தா எழுந்து வெளிய போகச் சொல்லுங்க."

தயாளன் உடனே சம்மதிக்கவில்லை. "பார்க்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து ஆறு வாரம் ஹாஜா மைதீன் வீடு வீடாக அலைந்தார். ஏன் வரவில்லை என்று எங்கும் கேட்கவில்லை. "உங்களுக்கு என்ன செய்யப் பிடிக்கும்?" என்று கேட்டார். செலையூர் ஜெபசீலன் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர் என்பது பதினோரு வருஷம் கழித்துத்தான் அவருக்குத் தெரிந்தது. அதுவரை சடங்குக்கான இசையை இவரே தன் செல்போனிலிருந்து ஒலிக்கவிட்டுக்கொண்டிருந்தார். சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அச்சுதன் பளிச்சென்று சொன்னான்: "சார், வியாழக்கிழமை ஆறரைக்கு நான் ஓஎம்ஆர் ரோட்டுல டிராஃபிக் சிக்னல்ல நிப்பேன். சனிக்கிழமை வைங்க, மொத ஆளா வரேன்."

கூட்டம் சனிக்கிழமைக்கு மாறியது. ஞாயிறுதோறும் காலையில் ஷோரூமிலேயே ஒத்திகை. குளியலறை டைல்ஸ் மாதிரிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆளுக்கொரு பாகம் படித்தார்கள். ஷரீஃபா சமோசா அனுப்பினாள். மூன்றாம் ஞாயிறு தயாளன் வந்தார். ஓர் ஓரத்தில் உட்கார்ந்து, தன் முறை வந்ததும் எழுந்து இரண்டு பக்கத்தையும் சொன்னார். நாலு இடத்தில் தடுமாறினார். ஹாஜா மைதீன் நாலு முறையும் சமோசாவைக் கடித்தார்.

குரோம்பேட்டைக்கும் போனார். "இன்னொரு தடவை வாங்க டாக்டர். இந்தத் தடவை உங்களுக்கு உட்கார இடம் கிடைக்குமான்னுதான் பயமா இருக்கு."

கூட்டம் வைத்திருந்த சனிக்கிழமை இருபத்து மூன்று பேர் வந்தார்கள். அடுத்த அறையிலிருந்து நாற்காலி தூக்கி வர வேண்டியிருந்தது. ஹாஜா மைதீன் ஒரு மூலையில் உட்கார்ந்து குறிப்பெழுதும் நோட்டைத் திறந்துகொண்டார். ஜெபசீலனின் கீபோர்டு எழும்பியபோது ஹாலே நிமிர்ந்து உட்கார்ந்தது போலிருந்தது. லாட்ஜின் தலைவரான மாஸ்டர் சுப்ரமணியன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர், என்றுமில்லாத கம்பீரத்தோடு சுத்தியலால் மேஜையைத் தட்டிக் கூட்டத்தைத் திறந்தார்.

கடைசியில் தயாளன் எழுந்து மோகன்ராஜின் எதிரே போய் நின்றார். முதல் பக்கம் தண்ணீர் மாதிரி ஓடியது. இரண்டாம் பக்கத்தின் நடுவில் நின்றுவிட்டது.

இது மூச்சு வாங்கல் அல்ல, மறதி. தயாளனின் விரல்கள் சடங்குக்காக இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரன் துணியின் ஓரத்தைப் பிசைந்தன. அடுத்த சொல் ஹாஜா மைதீனின் நாக்கு நுனியில் நின்றது. புத்தகத்தைப் புரட்டாமலே பதினோரு வருஷமாகத் தெரிந்த சொல். அவர் பேனாவை இறுக்கிப் பிடித்தார், தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சில நொடிகளைப் போல நீளமான நேரத்தை அவர் அனுபவித்ததில்லை.

யாராவது மறந்தால் எடுத்துக் கொடுப்பதற்கென்றே புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த அச்சுதன் ஒரே ஒரு சொல்லை மெதுவாகச் சொன்னான். தயாளன் தலையசைத்தார். குரல் மறுபடி பிடித்துக்கொண்டது, முன்பைவிட உயர்ந்தது. கடைசி வரியை அவர் மோகன்ராஜின் தோளைத் தொட்டுச் சொன்னபோது டாக்டரின் கண் கலங்கியிருந்தது. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஹாஜா மைதீன் அன்று பேசியது இரண்டே வாக்கியம், அதுவும் போன கூட்டத்தின் குறிப்பை வாசித்தது. மனசு மட்டும் பெருநாள் தொழுகை முடிந்து வந்தது போல் நிறைந்திருந்தது.

சாப்பாட்டு மேஜையில் அடுத்த மாதத்துப் பாகங்களுக்கு அடிபிடி நடந்தது. "எனக்கு எதுவுமில்லையா?" என்று கேட்டார் ஹாஜா மைதீன்.

தயாளன் பட்டியலைப் பார்த்தார். "எல்லாம் போயிடுச்சு பாய். குறிப்பெழுதக்கூட டாக்டர் கேட்டுட்டாரு. கதவுக்கு வெளிய காவல் ஒண்ணுதான் மிச்சம். உள்ள நடக்கறது எதுவும் பார்க்க முடியாது. பரவாயில்லையா?"

"குடுங்க" என்றார் அவர்.

அடுத்த மாதம் மூடிய கதவுக்கு வெளியே தனியாக நின்றார். உள்ளேயிருந்து கீபோர்டும், மாறி மாறி வெவ்வேறு குரல்களும் மங்கலாகக் கேட்டன. எத்தனை பேர் குரல் என்று எண்ணிப் பார்த்தார். ஒன்பது வரை வந்து விட்டுவிட்டார். வெளியே காவல் இருக்கிறதா என்று கேட்கும் மூன்று தட்டு கதவின் உட்பக்கத்தில் விழுந்தது. ஹாஜா மைதீன் கோட்டைச் சரிசெய்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்தி, மூன்று முறை திருப்பித் தட்டினார்.