வேலி தாண்டிய மிளகுக்கொடி

ஈரத் துண்டை உதறிக் கயிற்றில் போட்டுவிட்டு, "இந்த மரம் போனாத்தான் நம்ம ஊட்டுல துணி காயும் புள்ள" என்றார் என் கணவர் செல்லப்பன். தினம் காலையில் சொல்வதுதான். நான் அடுப்படிக்குத் திரும்பினேன். கல்லில் தோசை இருந்தது. அவர் பஸ் ஏறி மலையிறங்கிச் சேலம் போனார். அங்கே கடைவீதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை.

மரம் என்பது எங்கள் பின்வாசல் சில்வர் ஓக். வீட்டைப்போல் மூன்று மடங்கு உயரம். எங்கள் குடியிருப்பில் மரம் வெட்ட அரசு அனுமதி மட்டும் போதாது. அக்கம்பக்கத்தாரும் சம்மதிக்க வேண்டும் என்பது சங்கத்தின் விதி. அனுமதி மழைக்காலத்திலேயே வந்துவிட்டது. பக்கத்து வீட்டு லூர்துராஜ்தான் மசியவில்லை. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நட்ட மிளகுக்கொடி வேலி தாண்டி வந்து எங்கள் மரத்தில் ஏறியிருந்தது.

"மரம் என்னுதுங்க ரைட்டரே" என்பார் என் கணவர்.

"மொளகு என்னுதுங்க. சும்மா நிக்கிற மரத்துக்கு ஒரு வேலை குடுத்திருக்கறன்" என்பார் அவர்.

வேலிக்கு இருபுறமும் காபி டம்ளரோடு நின்று இதைப் பேசினால்தான் இருவருக்கும் பொழுது விடியும்.

காரியம் முடிந்த மறுநாள் லூர்துராஜ் வந்தார். தலை குனிந்தபடி, "மரத்தை வெட்டிக்கங்க அம்மணி. சங்கத்துல நான் சொல்லிக்கறேன்" என்றார்.

என் கணவர் ஆசைப்பட்ட வெயிலை வாசலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்றுதான் நானும் இருந்தேன். ஆனாலும் சுருக்கென்றது. மேலே மிளகு பச்சையாகச் சரம் சரமாகத் தொங்கியது.

"ஏனுங்க, அவருகிட்ட அத்தனை சண்டை போட்டீங்க. நான்னா எளக்காரமா?"

"அதில்லீங்க அம்மணி..."

"பாவம் பாத்துக் குடுத்தா அவரு செயிச்சதா ஆகுமா? நல்லா நாலு வார்த்தை பேசுங்க."

லூர்துராஜ் மரத்தை அண்ணாந்து பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாசி போகோணுமுங்க. காய் பழுக்காம எவன் ரம்பத்தோட வந்தாலும் வேலியிலயே நிறுத்திப்போடுவேன்!"

"மொளகு பறிக்க ஏணி எங்க பக்கந்தான வெக்கோணும்? எங்களைக் கேக்கோணுமல்ல?"

"மரம் உங்குளுதுங்க. மொளகு என்னுதுங்க!"

நான் உள்ளே போய் இரண்டு டம்ளரில் காபி கொண்டுவந்தேன்.

மாசியில் லூர்துராஜ் மிளகு பறித்தார். பாதியை என் முறத்தில் கொட்டினார். பங்குனியில் ஆட்கள் வந்து, உச்சியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து, கயிறு கட்டி இறக்கினார்கள். வாசலில் வெயில் பளீரென்று விழுந்தது. செல்லப்பனின் துண்டைத் துவைத்து முதலில் அதைத்தான் காயப்போட்டேன்.

மதியத்துக்கு மேல் மலையுச்சிச் சேர்வராயன் கோயில் பக்கமிருந்து மேகம் இறங்கியது. சாயங்காலம் துண்டைத் தொட்டுப் பார்த்தேன். காயவில்லை.